உருமால் கட்டிய கை

ஐயாவு மிளகாய் மில் தொடங்கிய 1974இல் மலேசியாவின் ஈப்போவில் அவருக்கு நல்ல புத்தி சொல்ல ஒரே ஆள்தான் இருந்தார். கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதும் ஸ்டானிஸ்லாஸ்.

"அண்ணே, மில்லை உங்க பேர்ல மட்டும் பதிஞ்சிடுங்க. மச்சானையும் சேக்கணும்னா செண்டிரியான் பெர்ஹாட், தனிக் கம்பெனியா போடுங்க. செலவு கூடத்தான். ஆனா விழுந்தா கம்பெனியோட போயிடும், வீட்டுக்கு வராது. சும்மா கூட்டுன்னா ஒருத்தர் கையெழுத்து ரெண்டு பேர் தலையிலயும் விழும்லா."

ஐயாவுக்குச் சிரிப்புதான் வந்தது. மச்சான் பத்துமலை என்ன வேற்றாளா? தங்கை செல்லாயியின் புருஷன். சிலிம் ரிவர் தோட்டத்தை முதலாளி விற்று ஆட்களைக் கலைத்தபோது இரண்டு குடும்பமும் ஒரே லோரியில் சாமான் ஏற்றி வந்தவை.

"மச்சானை விட்டுட்டுப் பதிஞ்சா தங்கச்சி மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"சரி, கூட்டே போடுங்க. எப்படி நடத்துறது, எப்படிப் பிரியறதுன்னு ஒரு ஒப்பந்தமாவது எழுதிக்குங்க."

"நமக்குள்ள எதுக்குக் காகிதம்?" என்றார் ஐயாவு. ஒப்பந்தம் இல்லாமலே கூட்டு வியாபாரமாகப் பதிந்தாயிற்று.

பத்துமலை கெட்டவர் இல்லை. அதுதான் ஐயாவின் கெட்ட காலம். கெட்டவரென்றால் சண்டை போட்டுப் பிரிந்திருக்கலாம். இவர் ஆசைக்காரர். தெலுக் இந்தான்வரை மசாலாத் தூள் கொண்டுபோய்க் கொடிகட்டிப் பறக்க நினைத்தார். ஐயாவை ஒரு வார்த்தை கேட்காமல் மில்லின் பேரில் லோரி வாங்கினார். தூள் விற்கவில்லை. லோரி நின்றுவிட்டது, தவணை மட்டும் ஓடியது. கடைசியில் ஐயாவின் வீடு கைமாறியது. பத்துமலை இருந்தது வாடகை வீடு, அவரிடம் எடுக்க ஒன்றுமில்லை.

மில்லின் பின்னறையில் பாயை விரித்தபடி அவர் மனைவி நல்லம்மாள் கேட்டாள்: "இப்பவாவது பிரிப்பீங்களா?"

ஐயாவு துணிந்துதான் கிளம்பினார். அதற்குள் செல்லாயி வந்து நின்றாள். "பிரிக்கிறதுன்னா என்னையும் இங்கயே வச்சுக்கண்ணே. கூட்டு முறிஞ்சா உறவும் முறிஞ்சதுதான்னு அவரு சொல்லிட்டாரு."

கோழை என்று ஐயாவைச் சொல்லிவிடலாம். தங்கை இல்லாதவர்களுக்கு அது சுலபம். அன்று முதல் மில்லின் கதவைத் திறக்கும்போதெல்லாம் அவருக்கு மூச்சு முட்டியது. மிளகாய் நெடி என்று கேட்டவர்களிடம் சொல்லிவைத்தார்.

1983இல் பத்துமலை மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். ஐயாவு தேம்பித் தேம்பி அழுதார். அந்த அழுகை பொய்யில்லை.

துக்கத்துக்கு வந்த ஸ்டானிஸ்லாஸ் அவரைத் தனியே அழைத்தார். "இந்த நேரத்துல சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. நீங்க ஒப்பந்தம் எழுதல. அதனால ஒருத்தர் போனதும் கூட்டு தானா முடிஞ்சிடுச்சு. தங்கச்சிக்குச் சேர வேண்டியதைக் குடுத்துட்டு உங்க பேர்ல மட்டும் புதுசா பதிஞ்சுக்கலாம். யாரும் குத்தம் சொல்ல முடியாது."

அன்றிரவு ஐயாவு நிம்மதியாகத் தூங்கினார். அதற்காக வெட்கப்படவும் செய்தார்.

கருமாதி வந்தது. மொட்டைத் தலையோடு மணையில் உட்கார்ந்திருந்தான் செல்லாயியின் மூத்த மகன் ராஜு. கல்யாண வயது. அப்பனை உரித்து வைத்த முகம்.

"தாய்மாமன் வந்து உருமால் கட்டுங்க!" என்று குரல் வந்தது. அப்பன் இடத்துக்கு மகன் வந்துவிட்டான் என்று ஊரறியத் தாய்மாமன் தலைப்பாகை கட்டும் வழக்கம். துண்டை வாங்கி வந்தவரும் ஐயாவுதான். முதல் சுற்றுச் சுற்றினார்.

வெள்ளைச் சேலையில் செல்லாயி கரகரத்தாள். "அண்ணே, இனிமே அவரு எடத்துல இவன்தான். வீட்டுக்கும், மில்லுக்கும்."

கூட்டம் தலையாட்டியது. ஐயாவின் கை நின்றது. இல்லை என்று சொல்ல அந்த ஒரு நொடி போதும். ஆனால் உருமாலைப் பாதியில் விட்ட மாமனை யாரும் பார்த்ததில்லை. இரண்டாவது சுற்றும் சுற்றி, முனையைச் செருகினார்.

பிறகு பதிவு அலுவலகத்துக்கு ஐயாவு, ராஜு, ஸ்டானிஸ்லாஸ் மூவருமாகப் போனார்கள். "கூட்டு," என்றார் ஐயாவு, எவரும் கேட்பதற்கு முன்பே. ஸ்டானிஸ்லாஸ் பெருமூச்சு விட்டு, தான் எழுதிக்கொண்டு வந்திருந்த ஒப்பந்தத்தை நீட்டினார்.

ஐயாவு அதை ஆவலோடு ராஜுவின் பக்கம் நகர்த்தினார்.

அதைத் தொடாமலே ராஜு அன்பாகச் சிரித்தான். "நமக்குள்ள எதுக்கு மாமா காகிதம்?"