நரம்புக்குச் சத்துக் குளிசை

இந்தச் சுவிஸ் நாட்டில் ஒரு பெட்டி குளிசை வாங்கப் போனால் கதிரை போட்டு இருத்துகிறார்கள். பேர்ண் நகரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் அப்போதேக் என்கிற மருந்துக்கடையில் மருந்துச் சீட்டை நீட்டினேன். மருந்தாளர் ஒரு நரைத்த தலைப் பெண். சட்டையில் கெல்லர் என்று பெயர் குத்தியிருந்தது. சீட்டை வாசித்துவிட்டு என்னை ஒரு சிறிய அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். ஏதோ பிழை விட்டுவிட்டேன் என்று நினைத்தேன். "இந்த மருந்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார். "டொக்டருக்குத் தெரியும்" என்றேன், டொச் என்கிற ஜேர்மன் மொழியில் அரைகுறையாக. பகிடி விடுகிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். நான் உண்மையைத்தான் சொன்னேன். குளிசை எதற்கென்று டொக்டருக்கும் மம்மிக்கும் தெரிந்தால் போதும், விழுங்குகிறவளுக்கு அது வேண்டாத கதை என்றுதான் நான் வளர்ந்திருந்தேன்.

எங்கள் வீடு கொழும்பில், கொட்டாஞ்சேனையில். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு மழைக்காலம் முழுக்க எனக்கு நித்திரை வரவில்லை. சும்மா இருக்க அழுகை வந்தது. ஞாயிறு பூசைக்குக்கூட எழும்ப முடியவில்லை. மம்மி என்னை வெள்ளவத்தைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கொட்டாஞ்சேனையில் டொக்டருக்கும் பாமசிக்கும் பஞ்சமில்லை. ஆனால் அங்கே இப்படி ஒரு மருந்து வாங்கினால் பின்னேரத்துக்குள் கோயிலடி முழுக்கத் தெரிந்துவிடும். இந்த விஷயத்தில் கொட்டாஞ்சேனைக்காரர் வெள்ளவத்தைக்கு வருவதும் வெள்ளவத்தைக்காரர் தெஹிவளைக்குப் போவதும் நம்மவர் வழக்கம். அங்கிருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. முன்கூட்டியே காசு கட்டிச் சனல் பண்ணிய டொக்டர் என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு மம்மியோடு கதைத்தார்.

காலி வீதிப் பாமசியில் மம்மி சீட்டைக் கொடுத்து, மேசைக்கு மேலால் குனிந்து மெதுவாக ஏதோ சொன்னார். பாமசி அண்ணை குளிசைகளை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாக உடைத்தெடுத்து, வெறும் குளிசையாகக் கடதாசி உறைக்குள் போட்டார். பெயர் அச்சடித்த அட்டை குப்பைக் கூடைக்குப் போனது. உறையில் 'இரவு 1' என்று மட்டும் எழுதினார்.

"அண்ணை, இது என்ன குளிசை?" என்று நானே கேட்டேன்.

அவர் மம்மியைப் பார்த்தார். பிறகு என்னிடம், "நரம்புக்குச் சத்து, தங்கச்சி. விட்டமின் மாதிரி. ஒண்டுக்கும் யோசிக்காதீங்க" என்றார்.

வெள்ளைக் கோட்டுப் போட்டவர் சொன்னால் நம்பாமல் என்ன செய்வது? நம்பினேன். சில வாரங்களில் நித்திரையும் வந்தது. எல்லாம் சத்துக் குறைவு என்று ஒபிசில் நானே சொல்லித் திரிந்தேன்.

கலியாணமாகி இங்கே வந்தபோது மம்மி பெட்டிக்குள் நிறையக் குளிசை வைத்துவிட்டிருந்தார். அது முடிந்ததும், இந்த நாட்டுப் பாலிலும் பழத்திலும் இல்லாத விட்டமினா என்று விட்டுவிட்டேன். அந்த மாரிகாலத்தை இப்போது நினைத்தாலும் பயம். தலை சுற்றியது. தலைக்குள் சின்னச் சின்னதாகக் கரண்ட் அடித்தது. பிறகு பழைய அழுகை திரும்பி வந்தது. இருந்து என்ன செய்ய என்று நினைக்கிற அளவுக்குப் போனேன். "குளிர் வந்தா எல்லாருக்கும் இப்பிடித்தான்" என்றார்கள் இங்குள்ள நம் ஆட்கள். என் கணவர் ரெஜியும் அதையே சொன்னார். நான் இந்த நாட்டையும் அதன் பனியையும் மனதாரத் திட்டினேன். கடைசியில் இங்குள்ள டொக்டர் எழுதித் தந்த சீட்டோடுதான் அந்த அறையில் இருந்தேன்.

கெல்லர் எனக்காக மெதுவாகப் பேசினார். "இது மனச்சோர்வுக்கான மருந்து. இதை நீங்களாக நிறுத்தக் கூடாது. டொக்டரோடு கதைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கவேண்டும். திடீரென்று விட்டால் தலை சுற்றலாம், தலைக்குள் மின்சாரம் அடிப்பதுபோல இருக்கலாம்." அந்த மாரிகாலம் எனக்கு நடந்தது அதேதான். "முன்பு இப்படி ஏதாவது மருந்து எடுத்தீர்களா?" என்று கேட்டார். "தெரியாது" என்றேன். அந்தக் கேள்விக்கு அப்படி ஒரு பதில் இருக்க முடியும் என்பதே அவருக்கு விளங்கவில்லை. என் டொச்தான் பிழை என்று நினைத்து இன்னொரு விதமாகக் கேட்டார். நான் திரும்பவும் தெரியாது என்றேன். முன்பு எடுத்ததை விசாரித்துக்கொண்டு, டொச் நன்றாகத் தெரிந்த ஒருவரோடு நாளைக்கு வாருங்கள் என்றார்.

பஸ் தரிப்பில் நின்றே மம்மிக்குப் போன் எடுத்தேன்.

"மம்மி, வெள்ளவத்தையில வாங்கின குளிசை, அது மனச்சோர்வுக்குக் குடுக்கிறதா?"

"ஓம் மகள். பேரைச் சொன்னா நீ போடமாட்டாய் எண்டு பயந்தனான். வெளியில தெரிஞ்சா கலியாணமும் சரிவராது."

"இப்ப நான் ரெஜியிட்ட என்னெண்டு சொல்லுறது?"

"அவருக்கு ஒண்டும் ஒளிக்கல்ல மகள். கலியாணம் பேசேக்கயே சொல்லிப்போட்டம். நாங்க ஆரையும் ஏமாத்தல்ல."

வீட்டுக்கு வந்தபோது ரெஜி கோப்பை கழுவிக்கொண்டு நின்றார். கேட்டேன். "தெரியும். மாமி சொன்னவா. உமக்குச் சொல்லவேண்டாம் எண்டும் சொன்னவா" என்றார்.

"நான் குளிசையை விட்டதும் தெரியுமா?"

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "குளிர் முடிஞ்சாச் சரிவரும் எண்டு நினைச்சன்" என்றார்.

குளிசையில் எனக்குக் கோபமில்லை. அது எனக்கு நித்திரை தந்தது. என் தலைக்குள் நடப்பதைப் பற்றி இத்தனை பேர் கூடிக் கதைத்திருக்கிறார்கள், என்னை மட்டும் கூப்பிடவில்லை. இதைத் துரோகம் என்று எழுத எனக்குக் கூச்சமில்லை. அன்பினால் செய்தது என்று உங்களில் பலர் சொல்வீர்கள். அன்பினால்தான் செய்தார்கள். அதனால்தான் ஆறவில்லை.

டொச் நன்றாகத் தெரிந்தவர் என்று எனக்கு இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்? மறுநாள் ரெஜியோடுதான் போனேன். கெல்லர் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "உங்கள் மருந்தைப் பற்றி இவர் முன்னால் பேச உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார். அது எனக்கு மொழிபெயர்க்காமலே விளங்கியது. ரெஜி தலையைக் குனிந்துகொண்டார். சம்மதம் என்றேன். கெல்லர் என் கண்ணைப் பார்த்து நெடுநேரம் விளக்கினார். உண்மை சொல்கிறவரின் மொழி எனக்குப் பாதிதான் புரிந்தது. பிறகு ரெஜி என் பக்கம் திரும்பி, என் மொழியில், இரண்டு வசனம் சொன்னார்.

"அவ்வளவுதானா அவ சொன்னவா?" என்று கேட்டேன்.