ஓசி லினக்ஸில அக்கான்ரை கல்வெட்டு

ஓசியில வாறது ஒண்டும் உருப்படாது எண்டு என்ரை மனிசி சொல்லுவா. அவ சொல்லுறது சரி எண்டு நான் ஒத்துக்கொண்ட இடங்கள் குறைவு. இந்த ஒரு விசயத்தில ஒத்துக்கொள்ளுறன். ஒத்துக்கொண்டு இனி என்ன பிரியோசனம்.

எங்கட வீட்டுக் கொம்பியூட்டர் பழசு. பழசெண்டாலும் ஓடிக்கொண்டுதான் இருந்துது. ஒருநாள் திரை முழுக்க ஒரு அறிவித்தல். இந்தச் சிஸ்டத்துக்கு இனிக் கவனிப்பு இல்லை, புதுசை ஏத்து எண்டு. ஏத்தப் போனால், உன்ரை மெசின்ரை பலம் புதுசுக்குக் காணாது எண்டுது. நான் டவுன்டவுனில ஒரு ரெஸ்டோரன்ட் குசினியில வேலை. அங்கை என்னோட அடுப்படியில நிக்கிற தாடிக்காரன் ஒருத்தன், இந்த ஊர்க்காரன், "லினக்ஸ் போடு, சதமும் செலவில்லை, அது ஒரு கொம்பனிக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் சொந்தம்" எண்டு பிரெஞ்சில பிரசங்கம் வைச்சான். அடுத்த நாள் ஒரு சின்ன மெமரி ஸ்டிக்கில அதைக் கொண்டுவந்தும் தந்திட்டான்.

அந்த நேரம் அக்கா வருத்தம் முத்தி ஆஸ்பத்திரியில. பின்னேரம்தான் போய்ப் பாக்கலாம். காலமை முழுக்க வீட்டில இருந்து சுவரைப் பாக்க ஏலாமல், அந்த ஸ்டிக்கைச் செருகினன். பழைய ஃபைலுகள் எல்லாத்தையும் முதல் வேற இடத்தில எடுத்து வைச்சிட்டுத்தான் செய்தனான், நான் ஒண்டும் விசரன் இல்லை. அது தன்ரை பாட்டில ஏறிச்சுது. முடிய வந்த திரை, வேலை முடிச்சுத் துடைச்சு விட்ட குசினி மேசை மாதிரி இருந்துது. எனக்கு அண்டைக்கு ஒரு சந்தோசம். அக்காவுக்கும் போய்ச் சொன்னன்.

அக்காதான் என்னை ஊரில இருந்து இந்தப் பிரெஞ்சு ஊருக்கு எடுப்பிச்சவ. அவவுக்கு ஒரேயொரு மகள். பிள்ளை இஞ்சை பிறந்தது, பக்கத்துக் கார்ட்டியர்வில்லில பள்ளிக்கூடம், பிரெஞ்சு தண்ணிபட்ட பாடு. தமிழ் கதைப்பாள், கதைக்கேக்க அக்கான்ரை குரல் அப்பிடியே. ஆனால் ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு விட, அவள் அழ, அத்தான் பாவம் பாத்து நிப்பாட்ட, கதை அதோட முடிஞ்சுது.

நான் கொம்பியூட்டரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க அக்கா கேட்டா, "உதில தமிழ் அடிக்கலாமோ?"

"ஓம், ஏன்?"

"அப்ப என்ரை கல்வெட்டை நீயே அடி."

எங்கட சனத்தில ஒருத்தர் செத்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஒரு சின்னப் புத்தகம் அடிச்சு வந்தாக்களுக்குக் குடுக்கிறது. அதைத்தான் கல்வெட்டு எண்டுறது. முன்னுக்குப் படம், பேந்து தேவாரம், செத்தவரின்ரை வரலாறு, வம்சாவளி, கடைசியில புலம்பல். கணவர் புலம்பல், பிள்ளைகள் புலம்பல் எண்டு ஆரோ ஒருத்தர் பாட்டாக் கட்டிக் குடுப்பார். பிள்ளையளுக்கு அதில ஒரு வரி விளங்காது. நான் "விசர்க்கதை கதையாதேங்கோ அக்கா" எண்டன். அவ விடேல்லை.

"எனக்குப் புலம்பல் வேண்டாம். மகள் சொல்லாததை அவள் சொன்னதா எழுதாதை. நான் அவளுக்குச் சொல்லுறதை ஒரு பக்கத்தில எழுது. எண்டைக்காவது ஆரையாவது கேட்டு வாசிப்பாள்."

அந்த ஒரு பக்கம்தான் அவ என்னட்டைக் கேட்டது. வாழ்க்கையில என்னட்டை அவ வேற ஒண்டும் கேக்கேல்லை.

அக்கா கண் மூடின கிழமை, செத்தவீடு முடிஞ்ச கையோட, நான் கொம்பியூட்டருக்கு முன்னால இருந்தன். வம்சாவளிக்கு எங்களைப் பெத்த ஐயான்ரை பழைய கல்வெட்டு வேணும், அதுவும் நான் அடிச்சதுதான். திறந்தால் இங்கிலிஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக் கொட்டுண்டு கிடக்குது. ஐயாவின்ரை பேர் அதுக்குள்ள எங்கையோ.

எங்கட ஆக்கள் கனபேர் கொம்பியூட்டரில தமிழ் அடிக்கப் பழகினது பாமினி எண்ட எழுத்துருவில. அது திரையில தமிழாத் தெரியும், உள்ளுக்கு இருக்கிறது இங்கிலிஷ் எழுத்து. இங்கிலிஷ் எழுத்துக்குத் தமிழ்ச் சட்டை போட்டுவிட்டிருக்கு, அவ்வளவுதான். பாமினி இல்லாத கொம்பியூட்டரில சட்டை கழண்டிடும். என்ரை புதுச் சிஸ்டத்தில அது இல்லை. தாடிக்காரனைக் கேட்டன். இப்ப உலகம் முழுக்க யூனிகோட், அதில எழுத்து எழுத்தாவே இருக்கும், மாத்திப்போட்டு எழுது எண்டான். மாத்திறதுக்கு இன்ரர்நெற்றில ஒரு இடம் இருந்துது, அதுவும் ஓசி. ஒட்டினன், அமத்தினன், ஐயா அப்பிடியே எழும்பி வந்தார். நான் இருந்த இடத்தில அழுதன்.

யூனிகோட்டில விரல் பழகின இடத்தில எழுத்து இல்லை. ஒரு வரிக்கு ஒரு தேத்தண்ணி ஆறிப்போகும். இருந்தும் அக்கான்ரை பக்கத்தை அடிச்சு முடிச்சன். அவவின்ரை சொல்லிலயே எழுதினன். குளிருக்குத் தொப்பி போடு, அப்பாவோட கோவிக்காதை, சோறு வைச்சால் எனக்கும் ஒரு பிடி வைச்சதா நினை. எல்லாத்துக்கும் மேல, தலைப்பாப் பெரிய எழுத்தில, பிள்ளை வெளிக்கிடேக்கயெல்லாம் கதவடியில நிண்டு, போயிட்டு வா எண்டு வழியனுப்ப அக்கா சொல்லுறது. "போட்டு வா பிள்ளை."

அச்சடிக்க டொரன்டோவில ஒரு ஆளைப் பிடிச்சன். "எங்கட டிசைனுக்குள்ள போடவேணும் அண்ணை, ஃபைலாவே அனுப்புங்கோ. நாங்கள் பாக்காத தமிழோ" எண்டார். முன்னட்டையின்ரை படம் ஃபோனுக்கு வந்துது. வடிவா இருந்துது. நல்லது எண்டு பதில் போட்டன்.

அந்தியேட்டிக்கு முதல் நாள் பின்னேரம், டொரன்டோவில இருந்து வந்த காரில பெட்டி வந்து இறங்கிச்சுது. ஒண்டை எடுத்து விரிச்சன். கொம்பெல்லாம் கழண்டு பின்னுக்குப் போய்க் கிடக்குது. கழண்ட கொம்புக்குப் பக்கத்தில புள்ளி புள்ளியா ஒரு வட்டம். தேவாரம், வம்சாவளி, அக்கான்ரை பக்கம், எல்லா இடமும் புள்ளி வட்டம். இடம் தெரியாத எழுத்துக்குக் கொம்பியூட்டர் போடுற அடையாளம் அது.

அச்சுக்காரருக்கு ஃபோன் அடிச்சன். "ஐயோ அண்ணை, உங்கட ஃபைல் யூனிகோட். எங்கட மெசின் பழசு, அது பிரிச்சுப் போட்டுது. இஞ்சை எல்லாரும் பாமினியிலதான் தாறவை."

"நீங்கள் பாத்திருக்கலாமே தம்பி."

"உள்ளுக்கு நாங்கள் வாசிக்கிறேல்லை அண்ணை."

சனம் முழுக்கப் பழசில நிக்கேக்க நான் மட்டும் ஏன் முன்னுக்குப் போனன். வேலியில போன ஓணானைப் பிடிச்சு மடியில விட்ட கதை. மனிசி ஒண்டும் சொல்லேல்லை. சொல்லியிருந்தால் ஆறுதலா இருந்திருக்கும்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடிய அத்தானிட்டைப் போனன். அத்தான் கண்ணாடியைப் போட்டு ரெண்டு பக்கம் பாத்திட்டு மூடினார். "விடு. வாற சனத்தை வெறுங்கையோட அனுப்பேலாது. குடுப்பம்" எண்டார். பேந்து மெல்லமா, "ஆர் வாசிக்கப் போயினம்" எண்டார்.

மண்டபத்தில சாப்பாடு முடியக் குடுத்தம். பெரியாக்கள் விரிச்சினம், என்ரை முகத்தைப் பாத்தினம், மடிச்சுக் கைப்பைக்குள்ள வைச்சினம். அக்கான்ரை மகள் மட்டும் ஒரு மூலையில இருந்து பக்கம் பக்கமாப் பாத்தாள். கடைசிப் பக்கத்தைக் காட்டி, "இதிலை என்ன மாமா போட்டிருக்கு?" எண்டு கேட்டாள்.

"அம்மா உனக்குச் சொன்னது. மேல பெரிசா இருக்கிறது, போட்டு வா பிள்ளை."

அவள் அந்த இடத்தை விரலால தடவினாள். "மெர்சி மாமா. நல்ல வடிவா இருக்கு" எண்டாள். அந்த நேரம் சொல்லியிருக்க வேணும், இது உடைஞ்சு போச்சு பிள்ளை, ஒழுங்கானது பேந்து தாறன் எண்டு. அவளின்ரை கண்ணைப் பாத்துக்கொண்டு எப்பிடிச் சொல்லுறது.

அந்த ஒரு பக்கத்தையாவது ஒழுங்கா எடுத்துக் குடுப்பம் எண்டு வீட்டை வந்தால், எங்கட பிரின்ரரைப் புதுச் சிஸ்டத்துக்குத் தெரியாதாம். என்ன செய்தும் மசியேல்லை. தாடிக்காரன் தந்த கட்டளையளை எல்லாம் அடிச்சுப் பாத்தன். வேலையும் கூடிப்போச்சு. கடைசியில லைப்ரரியில குடுத்துத்தான் எடுத்தன். தடிச்ச தாள், எழுத்தெல்லாம் தன் தன்ரை இடத்தில. நாலாய் மடிச்சால் முறிஞ்சுபோம் எண்டு ஒரு மடிப்பு மட்டும் மடிச்சு, ஜக்கெட் பொக்கற்றில வைச்சுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அவளிட்டைப் போக பஸ் ஏறினன்.

கதவைத் திறந்தவள் கையில மெல்லிய பிளாஸ்டிக் சுத்தியிருந்துது. சமைக்கேக்க சுட்டுப்போட்டாளோ எண்டு பயந்துபோனன். அவள் சிரிச்சாள். அம்மா போன பிறகு அவள் சிரிச்சு நான் பாத்தது அண்டைக்குத்தான்.

"பொறுங்கோ மாமா, உங்களுக்குத்தான் முதல் காட்டுறன்."

பிளாஸ்டிக்கை விலத்தினாள். முழங்கைக்குக் கீழ, சிவந்து வீங்கின தோலில, கறுப்பு மையில, "போட்டு வா பிள்ளை." கல்வெட்டில இருந்த மாதிரியே. கொம்பு கழண்டு, எழுத்து இடம்மாறி, புள்ளி வட்டம் ஒண்டும் தப்பாமல். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் குடுத்தவளாம், பச்சை குத்தினவன் ஒரு புள்ளியும் விடாமல் குத்தியிருக்கிறான்.

"அம்மா சொல்லுறது. சரியா இருக்கே மாமா?"

ஜக்கெட்டுக்குள்ள தாள் நெஞ்சில முட்டிக்கொண்டு இருக்குது.

"இந்த வட்டங்கள்தான் எனக்கு நல்ல விருப்பம்" எண்டு அவள் ஒவ்வொண்டாத் தொட்டுக் காட்டினாள். "அம்மான்ரை பொட்டு மாதிரி. நீங்கள் அவவுக்காகப் போட்டனீங்களோ?"

"ஓம், பிள்ளை" எண்டன்.

வேற என்ன சொல்ல. தேத்தண்ணி போட்டுத் தந்தாள், குடிச்சன், என்ன கதைச்சனெண்டு ஞாபகமில்லை. வெளிக்கிட எழும்ப, கதவடி மட்டும் வந்தாள். அந்தக் கையால கதவைப் பிடிச்சுக்கொண்டு, அக்கா நிக்கிற மாதிரியே நிண்டு, "போட்டு வாங்கோ மாமா" எண்டாள். அவளின்ரை வாயில அது ஒரு பிழையும் இல்லாமல் வந்துது. நான் தாளை வெளியில எடுக்கேல்லை. பஸ் ஸ்டொப் மட்டும் அழுதுகொண்டு போனன்.