மாலையில் குழறிய பேச்சு

என் வீட்டுக்காரர் சாராயத்தை வாயில் வைத்தவரில்லை. உத்திரமேரூரைச் சுற்றி எங்கே மதுவிலக்குக் கூட்டம் நடந்தாலும் அவர்தான் பேச்சாளர். எழுபதுகளின் பிற்பாதியில் மதுவிலக்குச் சட்டம் அமலில் இருந்தது. ஏரிக்கரைப் புதர்களில் கள்ளச்சாராய ஊறலும் இருந்தது. அதனால் அவருக்கு ஓய்வில்லை. நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. வீட்டைப் பார்ப்பது என் பொறுப்பு, ஊரைத் திருத்துவது அவர் பொறுப்பு.

வாலாஜாபாத்தில் ஒரு மாலைக் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். நன்றாகத்தான் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் குரல் மூக்கு வழியாக வந்தது. நாக்கு குழறியது. இமைகள் இரண்டும் தாமாகவே இறங்கின. தலையைப் பின்னால் சாய்த்து, மிஞ்சிய இடுக்கு வழியாகக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே குடியின் கேடுகளை விளக்கினார். முன்வரிசையில் ஒருவர் எழுந்து, மரியாதையாகவே கேட்டார்:

"அண்ணனுக்கு மட்டும் எங்கருந்து கெடைக்குது? எங்களுக்கும் சொன்னா நல்லாருக்கும்."

கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்மூடி உட்கார்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து நான் மெதுவாகக் குனிந்து அவர் வாயை முகர்ந்தேன்.

"இன்னா, வாசன வருதா?" என்றார், கண்ணைத் திறக்காமல்.

அன்று எனக்கு ஏற்பட்ட அவமானம் அவருடையதைவிடப் பெரியது.

காலையில் சரியாக இருப்பார். பொழுது சாயச் சாய இமை தொங்கும், சோற்றை மெல்ல முடியாது. உள்ளூர் டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று டானிக் கொடுத்தார். டானிக்கைக் குடித்துவிட்டு அந்த நெடியோடு மேடையேறியதில் ஊராரின் சந்தேகம் இன்னும் வலுத்தது. கடைசியில் மதராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன்.

அங்கே நரம்பு டாக்டர் அவரை எண்களைச் சத்தமாக எண்ணச் சொன்னார். குரல் தேயும்வரை எண்ண வைத்துவிட்டு ஓர் ஊசி போட்டார். சற்று நேரத்தில் கடைக்கதவைத் தூக்கியதுபோல் இமைகள் மேலேறின. குரல் கணீரென்று வந்தது. அந்தக் குரலில் அவர் முதலில் சொன்னது, தான் குடிப்பதில்லை என்பதுதான்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். கிருமிகளோடு சண்டை போட உடம்பில் ஒரு காவல் இருக்கிறதாம். அது ஆள் தெரியாமல், நரம்பு தசைக்கு உத்தரவு கொடுக்கும் இடத்தையே தாக்குகிறதாம். வெளிநாட்டில் இதைக் கண்டுபிடித்தே சில வருஷம்தான் ஆகிறது, ஏன் இப்படி என்று இன்னும் தேடுகிறார்கள், அதுவரை மாத்திரைதான் என்றார். காவல்காரனே வீட்டுக்காரனை அடிக்கும் கதை என் கணவருக்குப் புதிதாகத் தெரியவில்லை. கட்சியில் இருந்தவர்.

ஆராய்ச்சிக்கு என்று ரத்தம் எடுத்தார்கள். ஒருநாள் மாணவர்களுக்குக் காட்டவேண்டும், அன்று மாத்திரை போடாமல் வரமுடியுமா என்று டாக்டர் கேட்டார். மேடை என்றால் இவர் மறுப்பாரா? மாணவர்கள் சுற்றி நிற்க, மதுவிலக்கைப் பற்றியே பேசினார். குரல் மங்க மங்க அவர்கள் வேகவேகமாக எழுதினார்கள். நாக்கு முழுதாய்க் குழறியபோது டாக்டர் முகத்தில் அப்படியொரு திருப்தி.

பிறகு மாத்திரை உள்ளே போய்ப் பேச்சு வந்ததும் இவர் என்னிடம் சொன்னார்: "ஒரு வார்த்த வுடாம எழுதிக்கினாங்க, பாத்தியா? படிச்ச புள்ளைங்க."

பார்த்தேன் என்றேன்.

ஊரில் அவர் பேர் மீளவில்லை. மேடைக்குப் பின்னால் எதையோ விழுங்கிவிட்டுத்தான் அவருக்குப் பேச்சே வருகிறது என்று புதுக் கதை கிளம்பியது. இதற்கு நான் என்ன விளக்கம் சொன்னாலும், "பாவம் டீச்சரம்மா" என்பார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அரசாங்கமே சாராயக் கடைகளைத் திறந்தது. கூட்டங்கள் நின்றன. இவர் நிற்கவில்லை. சாயங்காலம் கடைக்கு எதிரே போய்த் தனியாளாகப் பேசுவார். குடிக்க வந்தவர்களைப்போல் பொறுமையான கூட்டம் அவருக்கு அதற்கு முன் கிடைத்ததே இல்லை. ஒருநாள் அழைத்துவரப் போனேன். மாத்திரையின் வேகம் அடங்கி இமை இறங்கத் தொடங்கியிருந்தது. தள்ளாடியபடி ஒருவர் கடை பெஞ்சைத் தூக்கிவந்து அவர் பின்னால் போட்டார்.

"உக்காந்து பேசு நைனா. ஒடம்புக்கு முடியாத மனுசன் நீ."

இவர் நோயாளி என்பதை எங்கள் ஊரில் முதலில் நம்பியவர் அந்தக் குடிகாரர்தான். என் கணவர் உட்கார்ந்தார், தொண்டையைச் செருமிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.