பறை நின்ற இடம்

பறைத்தோலைத் தீயில் வாட்டும் வாசனை வந்தால் எனக்குப் பல் தானாகக் கடிபடும். இந்த ஆயுதபூஜைக்கும் அப்படித்தான். ஒரகடம் சாலையில் ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு கம்பெனி வாசலில் பையன்கள் அட்டைப்பெட்டியைக் கொளுத்திப் பறை காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். சாமந்தி, உடைத்த பூசணி, குங்குமம், எல்லார் முகத்திலும் விடுமுறைக் களை. எனக்குப் பேக்கிங் அக்காவின் முகம் வந்தது. கூடவே, இத்தனை வருடமாக ஆறாத, ஆறவும் நான் விடாத வஞ்சமும் வந்தது.

நாங்கள் அப்போது வேலை பார்த்தது காருக்கு சீட் செய்யும் ஒரு கம்பெனியில். நான் குவாலிட்டி செக்கிங், அக்கா பேக்கிங்கில் கான்ட்ராக்ட். படப்பையில் ஒரே அறையில் தங்கியிருந்தோம். நான் குன்றத்தூர்க்காரி. அவள் அனுராதபுரத்தில் பிறந்தவள். அப்பாவுக்கு அங்கே ரயில்வேயில் வேலை. கலவரத்தில் வடக்கே ஓடி, யுத்தத்தில் கடல் தாண்டி, இங்கே அகதி முகாமுக்கு வந்தவள். வெளியே தங்கி வேலை பார்ப்பதற்கே அனுமதி வாங்கியிருந்தாள். வேலை போனால் அறையும் போகும், மறுபடி முகாமின் தகரக் கூரைதான். சிங்களம் சரளமாகத் தெரியும். ஆனால் அந்த மொழியில் அவள் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

சோறு வடித்துக்கொண்டே ஒருநாள் சொன்னாள். "எங்கட வீட்டுப் பக்கம் ஒரு மண்மேடு பிள்ளை. எல்லாளன்ர சமாதியெண்டு சொல்லுவினம்." அனுராதபுரத்தை ஆண்ட தமிழ் அரசன் எல்லாளனை, அவன் கிழவனாகிவிட்ட காலத்தில் தனிச்சண்டைக்கு அழைத்துக் கொன்ற சிங்கள அரசன் துட்டகைமுனு, அதே எல்லாளனுக்குச் சமாதி எழுப்பினானாம். அந்த வழியாகப் போகிற எவனும், அரசனே ஆனாலும், மேளத்தை நிறுத்திவிட்டுத்தான் போகவேண்டும் என்று கட்டளையிட்டானாம். தலைமுறை தலைமுறையாக நிறுத்தினார்களாம். "பிறகு அது எல்லாளன்ர இல்லையெண்டு பலகையையும் மாத்திப்போட்டாங்கள். அது கிடக்கட்டும். யுத்தத்தில செத்த என்ர தம்பியைப் புதைச்ச இடத்தை ஆமிக்காரர் டோசர் விட்டு உழுதவங்கள். அவனுக்கு முன்னால மேளம் நிப்பாட்ட ஒரு மேடு கூட இல்லை." கஞ்சி வடிந்ததும் பானையை நிமிர்த்தினாள்.

அந்த வருடம் கொழும்பிலிருந்து ஓர் இளம் இன்ஜினியர் பயிற்சிக்கு வந்தார். சிங்களவர், சிரித்த முகம். தென்பக்கத்துப் பையன்கள் "மச்சான்" என்றதும், எங்கள் ஊரிலும் மச்சான்தான் என்று தோளில் கைபோட்டுக்கொண்டார். சின்ன வயதிலேயே விகாரை ஊர்வலங்களில் மேளம் அடித்துப் பழகியவராம். ஆயுதபூஜை அன்று திருநெல்வேலிப் பையன் ஒருவன், "மச்சான், ஒரு அடி அடிங்க, ஒங்க கைய பாப்போம்" என்று பறையை அவர் கழுத்தில் மாட்டிவிட்டான். அடித்தார் பாருங்கள், தகரக் கூரை அதிர்ந்தது. ஒவ்வொரு மெஷினாகக் கற்பூரம் காட்டிக்கொண்டு ஊர்வலம் பேக்கிங் பக்கம் திரும்பியது.

அக்கா தன் மேஜையில் டேப் கட்டருக்குக் குங்குமம் வைத்து, அதன் பின்னால் தம்பியின் படத்தைச் சாய்த்து வைத்திருந்தாள். குடும்பப் படத்திலிருந்து வெட்டியெடுத்த முகம்; ஓரத்தில் யாருடைய கையோ ஒட்டியிருந்தது. "இன்னாக்கா, பூஜைல செத்தவங்க படத்தப் போய் வெச்சிக்கினு கீற, எடுத்துரு" என்றேன். படத்தை இன்னும் நேராகச் சாய்த்து வைத்தாள். பறை நெருங்கியதும் குறுக்கே போய் நின்றாள். சிங்களத்தில், குரலை உயர்த்தாமல், ஏதோ சொன்னாள். அவர் கை அந்தரத்தில் நின்றது. "அக்கே" என்றார் மெதுவாக; சிங்களத்தில் அக்கா. அவள் இன்னொரு வரி சொன்னாள். அவர் பறையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தலை குனிந்து அந்த மேஜையைக் கடந்தார். பின்னால் வந்தவர்களும் காரணம் தெரியாமல் அடங்கினார்கள்.

அவள் என்ன சொன்னாள் என்பதை அன்றிரவு கேட்டுத் தெரிந்துகொண்டேன். "உங்கட ராசா எங்கட ராசாவுக்கு நிப்பாட்டினவர். நீ என்ர தம்பிக்கு நிப்பாட்டு." இரண்டாவது வரி: "அக்கா எண்டு என்னைக் கூப்பிட இருந்தவன் இந்தப் படத்தில இருக்கிறவன் ஒருத்தன்தான்."

மறுநாளே அக்காவை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். "கெஸ்ட்டாண்ட போய் இன்னாமா இது? ஒரு சாரி சொல்லு, முடிஞ்சிது" என்றார் மேனேஜர். சாரி எல்லாம் வேண்டாம் என்று கொழும்புக்காரரே குறுக்கிட்டார். அவர் துப்பாக்கி பிடித்தவரில்லை, யுத்தம் நடந்தபோது பள்ளிக்கூடப் பையனாக இருந்திருப்பார். அக்காவுக்கு இது தெரியாதா? தெரிந்துதான் நிறுத்தச் சொன்னாள். "இவர் வேணுமெண்டாலும் நான் மன்னிப்புக் கேக்கமாட்டன் சேர். கேட்டா நேத்து நிண்ட மேளம் நிக்காததாப் போயிடும்" என்றாள். அதோடு வேலை போயிற்று. இப்போது நான் கதை எழுதுகிறவள்; மன்னிப்பின் அழகைப் பற்றி எழுதச் சொல்லிப் பத்திரிகைக்காரர்கள் என்னைக் கேட்பதுண்டு. எழுத வரவில்லை. டோசர் ஓட்டியவர்களிடம் யாரும் ஒரு சாரி கேட்டதில்லை. பெட்டி ஒட்டிப் பிழைத்தவளிடம்தான் கேட்டார்கள்.

படப்பை பஸ் ஸ்டாண்டில் அவளுடைய பையை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ் வந்துவிட்டது. தாங்கமாட்டாமல் கேட்டேன்: "வேலயும் பூட்ச்சி, ரூமும் பூட்ச்சி. அந்தாளு ஊருக்குப் போயி ஜாலியா மேளம் அடிச்சிக்கினு இருக்கப் போறாரு. உனக்கு இன்னாக்கா கெடச்சிது?"

பையை வாங்கிக்கொண்டு படியில் ஏறினாள். கம்பியைப் பிடித்தபடி திரும்பினாள்.

"அடிக்கட்டும் பிள்ளை. இனி எந்த மேளத்தில கை வச்சாலும் என்ர தம்பி குறுக்கால வந்து நிப்பான். எனக்கு அது போதும்."