செத்தவர் போட்ட காசோலைகள்

மார்லா ஹெங்கேவுக்கு எச்சில் ஆகாது. தபால் உறையை நாக்கால் நக்கி ஒட்டுபவர்களை அவள் மனிதர் கணக்கில் சேர்த்ததில்லை. கட்டைவிரலில் எச்சில் தொட்டுப் பில்களைப் புரட்டும் லாரிக்காரர்கள் யாராவது அவள் மேசைக்கு வந்தால், பென்சிலின் பின்முனையால் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். தேவாலயத்து விருந்தில் பச்சை ஜெல்லிக்குள் துருவிய கேரட்டைப் போட்டு யாரேனும் கொண்டுவந்துவிட்டால், சாப்பிடாமலே வீட்டுக்குப் போய்விடுவாள்.

அவளும் நானும் ஒரே அறையில் வேலை பார்த்தோம். ரூடர் ஆலை சிமென்ட் குழாய்களும் கழிவுத் தொட்டிகளும் செய்தது. விஸ்கான்சினில் எங்கள் பக்கத்துப் பண்ணை வீடுகளில் பாதிக்கு மேல் எங்கள் தொட்டிதான் மண்ணுக்கடியில் இருக்கிறது. நான் லாரிகளை அனுப்பினேன். மார்லா, ஆலைக்குச் சரக்கு கொடுப்பவர்களுக்குப் பணம் அனுப்பினாள். கழிவுத் தொட்டிக் கம்பெனியில் இப்படி ஒரு மூக்கை வைத்துக்கொண்டு எப்படிக் குப்பை கொட்டுகிறாள் என்று எல்லோரும் கேலி செய்வோம். "தொட்டி இங்கருந்து காலியாத்தானய்யா போகுது. அழுக்கு உங்க மூஞ்சியிலதான்" என்பாள்.

முதலாளி ஆர்லன் ரூடர் வியாழக்கிழமைதோறும் மதியம் அவள் மேசைக்கு எதிரே உட்கார்ந்து காசோலைகளில் கையெழுத்துப் போடுவார். ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்துத்தான் போடுவார். "இந்த ஆளு போன மாசம் ஈர மணல ஏத்திட்டு வந்தான்ல? சரி, பாவம், பொண்டாட்டி ஆஸ்பத்திரியில இருக்கா" என்று ஏதாவது சொல்லிக்கொண்டே போடுவார். கடைசி சில வருடங்களில் அவர் கை நடுங்க ஆரம்பித்தது. கையெழுத்து பொருந்தவில்லை என்று வங்கியிலிருந்து காசோலைகள் திரும்பி வரத் தொடங்கியதும், கணக்கு மென்பொருளிலேயே அவர் கையெழுத்தின் படத்தை ஏற்றிவிடலாம் என்று மார்லாதான் யோசனை சொன்னாள். ஒரு வெள்ளைத் தாளில் அவர் மேலிருந்து கீழாகத் தன் பெயரை எழுதிக்கொண்டே போனார்.

"இதுல எது மனுஷன் போட்ட மாதிரி இருக்கோ அத எடுத்துக்கோ" என்றார்.

அவள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் படமாக்கி, காசோலை அமைப்பில் கையெழுத்துக் கோட்டின் மேல் சரியாக உட்காரும்படி வைத்தாள். அதற்குப் பிறகு அச்சு இயந்திரமே அவருக்காகக் கையெழுத்துப் போட்டது. ஆனாலும் வியாழன் மதியம் அவர் வருவது நிற்கவில்லை. அச்சாகி வந்த ஒவ்வொன்றையும் படித்துவிட்டுத்தான் உறையில் போடவிடுவார்.

பிப்ரவரியில் ஒரு காலை, தன் வீட்டு வாசலில் பனி தள்ளும்போது ஆர்லன் விழுந்து இறந்துபோனார்.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பன்றித் தொடைக்கறி வைத்த ரொட்டியும் காப்பியும் கொடுத்தார்கள். மூத்த மகன் கர்ட் தட்டோடு மார்லாவிடம் வந்தான். மீசையில் கடுகுச் சாந்து ஒட்டியிருந்தது.

"இந்த வாரம் செக் வழக்கம்போலப் போகணும்" என்றான்.

"போகும். யாரு கையெழுத்து? உன்னுதா, தம்பி டேலுதா?"

"இருக்கறத மாத்தாத. அப்படியே இருக்கட்டும்."

அவள் புரியாமல் பார்த்தாள். "அது உங்கப்பா கையெழுத்து, கர்ட்."

"தெரியும். அது ஒரு படம், அவ்வளவுதான?" அவன் ரொட்டியைக் கடித்தான். "நான் போட்டா அவன் கத்துவான். அவன் போட்டா நான் விடமாட்டேன். வக்கீல் முடிவு பண்ணட்டும். அதுவரைக்கும் அப்பாவே போடட்டும்."

இளையவன் டேல் இரண்டு மேசை தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அண்ணன் என்ன சொன்னாலும் எதிர்ப்பேச்சுப் பேசுகிறவன், அன்று சரி என்று தலையை ஆட்டினான். அண்ணன் தம்பி இருவருக்கும் வங்கியில் கையெழுத்து உரிமை இருந்தது. யார் வேண்டுமானாலும் பேனாவை எடுத்திருக்கலாம். யார் முதலில் எடுத்தாலும் அவன்தான் முதலாளி என்று ஊர் சொல்லிவிடும், அதற்கு மற்றவன் விடமாட்டான் என்பதால் இருவரும் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பிணத்தின் கையைப் பிடித்துக் கையெழுத்து வாங்குவது அவர்களுக்கு அதைவிடச் சுலபமாக இருந்தது.

அந்த வியாழக்கிழமை அச்சு இயந்திரம் ஓடியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தாளாக ஆர்லனின் பெயர் வெளியே வந்தது, நடுக்கமில்லாமல், நல்ல கறுப்பில். மார்லா அவற்றைக் கையால் எடுக்கவில்லை. ஒரு அட்டையை அடியில் கொடுத்து வாரினாள். உறைகளில் போட்டு முடித்ததும் கழிப்பறைக்குப் போய்க் கை கழுவினாள். வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, கொண்டுவந்திருந்த மதிய உணவைத் திறக்காமலே பைக்குள் வைத்தாள்.

"என்னடி?" என்றேன்.

"கை இன்னும் கழுவின மாதிரியே இல்ல."

அடுத்த வாரமும் அச்சடித்தாள். அதற்கடுத்த வாரமும்.

ஒரு நாள் கர்ட்டிடம் போய், காசோலையை விட்டுவிட்டு எல்லோருக்கும் வங்கி வழியாக நேரே பணத்தை அனுப்பலாம், அதற்குக் கையெழுத்துக் கோடே கிடையாது என்றாள். மென்பொருளில் ஒவ்வொரு சப்ளையரின் பக்கத்திலும் 'காசோலை' என்பதை மாற்றி வங்கிக் கணக்கு எண்ணை ஏற்றினால் போதும். நீங்கள் இருவரும் ஒருமுறை ஒப்புதல் கொடுத்தால் மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தாள்.

கர்ட் சிரித்தான். "அப்படி அனுப்பினா பணம் அன்னிக்கே போயிடும், மார்லா. தபால்ல போனா ஒரு வாரம். அவங்க பேங்க்ல போட்டு, அது இங்க வர இன்னும் ரெண்டு மூணு நாள். அதுவரைக்கும் பணம் நம்ம கையில. அப்பா மெதுவாவே போகட்டும் விடு."

அவள் என்னிடம் வந்து இதை அப்படியே சொன்னாள். சொல்லும்போது கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள்.

மார்ச்சில், வெண்டல் ஓப்சால் வந்தார். எங்களுக்குச் சரளைக்கல் ஏற்றி வரும் லாரி அவருடையது. பேச்சில் எப்போதும் ஒரு நக்கல் இருக்கும். அன்று தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சட்டைப் பையிலிருந்து காசோலையை எடுத்து மார்லாவின் மேசையில் வைத்தார்.

"ஏம்மா மார்லா, இது என்னன்னு சொல்லு."

"சரளைக்கு உண்டான செக்கு, வெண்டல்."

"அது தெரியுது. கீழ யாரு பேரு?"

அவள் பென்சிலின் பின்முனையால் காசோலையை அவர் பக்கமே நகர்த்தினாள்.

"அவரு பெட்டியத் தூக்கினவங்கள்ள நானும் ஒருத்தன். இடது பக்கம், பின்னாடி. எங்க வச்சேன்னு எனக்குத் தெரியும். அவரு எந்திரிச்சு வந்து பேனாவத் தேடினாரா?"

"பசங்க சொன்னாங்க."

"பசங்க சொன்னாங்க. நீ அடிச்ச."

அவர் குரலை உயர்த்தவில்லை. காசோலையை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினார். கதவருகில் நின்று, "எனக்கு அவசரம் இல்ல. உசுரோட இருக்கறவன் யாராவது போட்டுக் குடுத்தா வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதே வாரம் கர்ட் அவள் மேசைக்கு வந்து குனிந்து மெதுவாகப் பேசினான். அவன் மனைவி பெயரில் ஒரு சின்னக் கம்பெனி இருந்தது. அதற்கு ஆலோசனைக் கட்டணம் என்று ஒரு பெரிய தொகைக்குக் காசோலை வேண்டும். தேதி ஜனவரியாக இருக்க வேண்டும்.

"அப்பா தர்றேன்னு வாயால சொன்னதுதான். எழுதறதுக்குள்ள போயிட்டாரு" என்றான்.

பழைய தேதியில் எதுவும் அச்சடிக்க முடியாதபடி மென்பொருளில் ஒரு பூட்டு இருந்தது. அதைத் திறக்கும் கடவுச்சொல் மார்லாவிடம் இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

மறுநாள் டேல் வந்தான். அண்ணன் வெளியே போயிருக்கிறானா என்று கேட்டு உறுதி செய்துகொண்டு கதவைச் சாத்தினான். நான் இருப்பதைப் பொருட்படுத்தவில்லை. அவனுக்கும் ஒரு காசோலை வேண்டியிருந்தது, அவன் படகு வாங்கிய கடைக்கு. தேதி ஜனவரி. "அப்பா எனக்கு வாக்குக் குடுத்தாரு, மார்லா" என்றான். கண்களில் தண்ணீர்கூட வந்தது. அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

"உங்க அண்ணனும் இதையேதான் கேட்டான்" என்றாள்.

டேல் முகத்தில் வெட்கம் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். "எவ்வளவு கேட்டான்?" என்றுதான் அவன் கேட்டான்.

அவன் போனதும் மார்லா கணினிப் பக்கம் திரும்பினாள். வேகமாக ஒன்றும் செய்யவில்லை. காசோலை அமைப்பைத் திறந்தாள். கையெழுத்துப் படத்தை அழித்தாள். நிச்சயமாக அழிக்கவா என்று மென்பொருள் கேட்டது, ஆம் என்றாள். பெரிய தொகைக்கு மட்டும் இரண்டாவது கையெழுத்து வேண்டும் என்று இருந்த இடத்தில், எவ்வளவு சின்னத் தொகையானாலும் இரண்டு கையெழுத்து என்று மாற்றினாள். பிறகு ஆர்லனின் பழைய வெள்ளைத் தாளை அலமாரியிலிருந்து எடுத்துத் தாள் கிழிக்கும் இயந்திரத்துக்குள் விட்டாள்.

வியாழக்கிழமை அச்சான காசோலைகளில் கீழே இரண்டு வெறுங்கோடுகள் இருந்தன. அவற்றை ஒரு கட்டாக, கூட்ட அறை மேசையின் நடுவில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

கர்ட் அவற்றை எடுத்துக்கொண்டு எங்கள் அறைக்கே வந்தான். "என்ன பண்ணி வச்சிருக்க?"

"கையெழுத்து போட எடம் விட்டிருக்கேன்."

"திருப்பி ஏத்து. இப்பவே."

"ஏத்த எதுவும் இல்ல. அந்தப் படம் போயிடுச்சு."

"உனக்கு யாரு இதெல்லாம் பண்ணச் சொன்னது? நாளைக்கே ஒன்ன வீட்டுக்கு அனுப்பிடுவேன், தெரியுமா?"

"அனுப்பு. வேலைய விட்டு அனுப்பற கடுதாசியிலயும் ரெண்டு கையெழுத்து வேணும். டேல்கிட்ட வாங்கிட்டு வா."

நான் குனிந்து லாரிச் சீட்டுகளைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தேன். கர்ட் கழுத்து சிவக்க நின்றான், பிறகு போனான். காசோலைகள் மறுபடி கூட்ட அறை மேசையில் கிடந்தன. தம்பி போடட்டும் என்று அண்ணனும், அண்ணன் போடட்டும் என்று தம்பியும் இருந்தார்கள். மின்சாரக் கம்பெனியிலிருந்து தொலைபேசி வந்தது. பணம் வரவில்லை என்று, சிமென்ட் ஏற்றி வந்த லாரி இறக்காமல் திரும்பிப் போனது. அதற்குத் திரும்பும் சீட்டை எழுதிக் கொடுத்தது நான்தான்.

ஆர்லனின் மனைவி வெர்னாவுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியாது. வெண்டலின் மனைவியாக இருக்கலாம், இருவரும் தேவாலயத்தில் ஒரே வரிசையில் உட்காருவார்கள். அடுத்த வாரம் வெர்னா பனிக் காலணிகளோடு, மேலங்கியைக்கூடக் கழற்றாமல், கூட்ட அறைக்குள் போய் உட்கார்ந்தார். பிள்ளைகள் இருவரையும் கூப்பிடச் சொன்னார். கதவு திறந்தே இருந்தது.

"உக்காருங்க. போடுங்க" என்றார்.

"அம்மா, இது வெறும் செட்டிங். உங்களுக்குப் புரியாது" என்றான் கர்ட்.

"உங்கப்பாவ எரிக்கல, புதைச்சிருக்கோம். அவரு இன்னும் முழுசா மண்ணுக்குள்ள இருக்காரு. அவர் கையப் புடிச்சு ஆட்டியிருக்கீங்க. போடுங்க."

டேல் பேனாவை எடுத்தான். கர்ட் எடுத்தான். ஒருவன் போட்டு நகர்த்த, மற்றவன் போட்டான். ஒருவன் தொட்ட இடத்தை மற்றவன் தொடாமல், தாளின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார்கள். கட்டு முழுவதும் முடியும்வரை வெர்னா எழுந்திருக்கவில்லை.

போகும் வழியில் எங்கள் அறை வாசலில் நின்றார். மார்லா எழுந்து நின்றாள். நன்றி சொல்வார் என்றுதான் நான் நினைத்தேன். மார்லாவும் அப்படி நினைத்திருக்க வேண்டும், முகத்தில் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது.

"எத்தன வாரமா இது நடந்துச்சு?" என்றார் வெர்னா.

"அவர் போனதுல இருந்து."

"ஒவ்வொரு வாரமும் நீதான் அடிச்சியா?"

"ஆமா."

வெர்னா அவள் கைகளைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை. அழுகியதை மிதித்துவிட்டவர்போல ஒரு அடி பின்னால் வைத்தார். "முதல் வாரமே என்கிட்ட வந்திருக்கலாமே, மார்லா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். மார்லா நின்றுகொண்டே இருந்தாள். அவள் அழவில்லை. ஆனால் அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாதவள்போல மேசைமேல் வைத்தாள், எடுத்தாள், முதுகுக்குப் பின்னால் கட்டினாள்.

அருகருகே உட்கார்ந்து கையெழுத்துப் போடுவது அண்ணன் தம்பிக்கு ஆகவில்லை. மே மாதம் அவர்களே வங்கி வழிப் பணத்துக்குச் சம்மதித்தார்கள். அவரவர் அறையில் இருந்து அவரவர் போனில் ஒப்புதல் அழுத்தினால் போதும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டாம். மார்லா ஒவ்வொரு சப்ளையரையும் தானே கூப்பிட்டு, வங்கி எண்ணை இரண்டு முறை சொல்லச் சொல்லி ஏற்றினாள். மின்னஞ்சலில் வந்த எண் எதையும் நம்பவில்லை. சரியான கணக்குக்குப் போகிறதா என்று முதலில் சில சென்ட்டுகளை அனுப்பிச் சோதித்தாள். வெண்டலைக் கூப்பிட்டபோது அவர், "இதுல யாரும்மா கையெழுத்து?" என்று கேட்டிருக்கிறார். "யாருதும் இல்ல" என்றாளாம். "அதுவும் நல்லதுக்குத்தான்" என்றாராம்.

கடைசிச் சப்ளையரை ஏற்றி முடித்த வாரமே வேலையை விட்டாள். கேக் வாங்கி வைத்திருந்தோம், டேல் அதற்குப் பணம் கொடுத்தான் என்று தெரிந்ததும் ஒரு துண்டுகூட எடுக்கவில்லை. பள்ளிப் பேருந்து நிலைய அலுவலகத்தில் சேர்ந்தாள். அங்கே ஓட்டுநர் ஒருவர் மத்தி மீன் டப்பாவை அவள் மேசையிலேயே திறந்து தின்கிறார் என்று போனில் என்னிடம் புலம்புவாள்.

ஆலையை இரண்டு வருடம் கழித்து அண்ணனும் தம்பியும் வெளியூர்க்காரர்களுக்கு விற்றார்கள். ஆளுக்குப் பாதி. ஊரில் இருவருக்கும் மரியாதை குறையவில்லை. கர்ட் தேவாலயக் குழுவில் இருக்கிறான்.

போன குளிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, தேவாலயத்தில் போடும் மீன் வறுவல் விருந்துக்கு நானும் மார்லாவும் போயிருந்தோம். தட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றோம். பின்னால் கர்ட் வந்து நின்று, "மார்லா, எப்படி இருக்க? உன்ன மாதிரி ஒரு ஆள் அப்புறம் கெடைக்கவே இல்ல" என்று அவள் தோளில் கை வைத்தான். அவள் தட்டை அங்கேயே, சூடான மீனோடு, மேசையில் வைத்தாள். வெளியே வந்து, வண்டியில் ஏறும் முன் மேலங்கியைக் கழற்றி அவன் கை பட்ட தோள் பக்கம் உள்ளே வரும்படி மடித்துப் பின் இருக்கையில் போட்டாள். வெளியே நல்ல குளிர். வீடு வரைக்கும் அதை அவள் மறுபடி போட்டுக்கொள்ளவில்லை.