ஐம்பதடி மரியாதை

பல்லடத்துக்குப் பக்கத்தில், தென்னந்தோப்பும் கோழிப்பண்ணையுமாக இருக்கும் ஓர் ஊரில் பொங்கியண்ணன் என்று ஒருவர் இருந்தார். தறிகளை மகன் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தவர், ஒருநாள் புதர் வெட்டும் மெஷின் ஒன்றை வாங்கி வந்தார். நீளமான குழாய், அதன் நுனியில் மூன்று பல் வைத்த இரும்புத் தகடு. முகத்துக்கு வலை, காதுக்கு அடைப்பான், முழங்காலுக்குப் பேரனின் கிரிக்கெட் பட்டை எல்லாம் மாட்டிக்கொண்டு நின்றாரென்றால், நிலாவுக்குப் போகிற ஆள் வழிதவறித் தோப்புக்குள் இறங்கிவிட்டது போலிருக்கும்.

வேலையில் கெட்டி. முதலில் தோப்பு முழுக்க நடந்து கல், கம்பி, பாட்டில் எல்லாவற்றையும் பொறுக்குவார். பிறகுதான் கயிற்றை இழுத்து என்ஜினைக் கிளப்புவார். வலமிருந்து இடமாக, அரைவட்டமாக, அவசரமில்லாமல் வீசிக்கொண்டே போவார். தகட்டின் முன்வலது ஓரம் கட்டையில் பட்டால் மெஷின் மாடு மாதிரி உதைக்கும். அந்த ஓரத்தை மட்டும் எதிலும் படவிடமாட்டார்.

அவரிடம் இருந்த ஒரே ஆபத்து மரியாதை.

மகள் லோகப்பிரியாவின் மாமனார் பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து வந்த அன்று அது வெளிப்பட்டது. பார்த்தீனியத்தை வெட்டிக்கொண்டிருந்த பொங்கியண்ணனின் கடைக்கண்ணில், பக்கத்திலேயே ஒரு வெள்ளை வேட்டி தெரிந்தது. சம்பந்தி! பெண்ணைக் கொடுத்த இடம். கை தானாகக் கைப்பிடியை விட்டுக் கும்பிட்டது. என்ஜின் தணிந்தது, ஆனால் தகடு உடனே நிற்குமா? தோள்வாரில் தொங்கிய மெஷின் மெல்லத் திரும்பி, வேட்டி நுனியைக் கவ்வி, முழுசாக உருவிக்கொண்டது.

"வாங்க சம்பந்தி" என்றார் பொங்கியண்ணன்.

"வந்துபோட்டனுங்க" என்றார் பட்டாபட்டி டிராயரில் நின்ற சம்பந்தி. அவரும் கும்பிட்டபடிதான் இருந்தார். கையை இறக்கினால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பொங்கியண்ணனின் மனைவி தெய்வாத்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டை நீட்டினாள். சம்பந்தி புது வேட்டியோடு பஸ் ஏறிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"கால வெட்டிப்போட்டிருந்தா என்னங்க பண்ணுவீங்க? புள்ளயக் குடுத்த எடமுங்க! இன்னொருக்கா மெஷினு ஓடறப்ப உங்ககிட்டக்க ஒரு ஆளு நிக்கறதப் பாத்தேன், பேரீச்சம்பழத்துக்குப் போட்டுருவேன். ஆமா."

பொங்கியண்ணனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தறி போனபின், "அண்ணா, நம்ம தோப்புக்கு எப்ப வாரீங்க?" என்று யாராவது கேட்பதே அந்த மெஷினால்தான். அது போனால் தன்னை யார் கூப்பிடப் போகிறார்கள்?

ஐம்பதடிக்குள் யாரும் வரக்கூடாது என்று மெஷின் விற்ற கடைக்காரர் சொல்லியிருந்தார். ஆனால் வருகிறவரைப் பார்த்து "தள்ளி நில்லு" என்று சொல்ல அவர் நாக்கு வளையாது. ஆகவே ஒரு பலகையில் எழுதி முதுகில் கட்டிக்கொண்டார்:

"அன்புடையீர், மெஷின் ஓடும்போது ஐம்பதடிக்குள் வர வேண்டாமுங்க. தப்பாக நினைக்க வேண்டாமுங்க. மன்னிக்கனும். வேலை முடிந்ததும் டீ சாப்பிட்டுவிட்டுத்தான் போகோணுமுங்க."

மரியாதை நீண்டதால் எழுத்து எறும்பாகிவிட்டது. தூரத்திலிருந்து யாராலும் படிக்க முடியவில்லை. அதுவரை எட்ட நின்றவர்கள்கூட, என்னமோ எழுதியிருக்கிறதே என்று கிட்டே வந்து, முதுகில் மூச்சுப் படும் தூரத்தில் நின்று வாசித்தார்கள்.

ஓய்வுபெற்ற சாமுவேல் வாத்தியார் வாசித்ததோடு நிற்கவில்லை. பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார்.

முதுகில் ஏதோ ஊர்வது போலிருந்தது பொங்கியண்ணனுக்கு. பல்லியா? திரும்பத்தான் நினைத்தார். அதற்குள் பட்டாபட்டி நினைவுக்கு வந்தது. என்ஜினை அணைத்தார். தகடு அசைவற்று நிற்கும்வரை கல்லாகக் காத்திருந்தார். பிறகுதான் திரும்பினார்.

"அசையாதீங்க பொங்கியண்ணா" என்றார் வாத்தியார். "மன்னிக்கணும்ங்கறதுக்கு மூணு சுழி போடோணுமுங்க. நீங்க ரெண்டே போட்டிருக்கீங்க."

"மன்னிக்கோணுமுங்க வாத்தியாரே."

வரப்பில் டீ நிறைந்த தூக்குப்போசியோடு தெய்வாத்தாள் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். பொங்கியண்ணன் தோள்வாரைக் கழற்றி, மெஷினை அவள் காலடியில் கொண்டுபோய் வைத்தார்.

"எடுங்க அத" என்றாள் அவள். "நிறுத்திப்போட்டுத்தானே திரும்புனீங்க. அந்த மட்டுக்கும் புத்தி வந்துருச்சு. ஆனா அந்தப் பலகய அடுப்புல வெக்கோணும்."

மறுநாளிலிருந்து அவர் எங்கே வேலை செய்தாலும், ஐம்பதடி தள்ளி ஒரு மரத்தடியில் இரண்டு நாற்காலியும் தூக்குப்போசி நிறைய டீயும் வைத்தாள். "உக்காருங்க, டீ குடிங்க." கொங்குநாட்டில் டீயைத் தாண்டி ஒருவரும் நடக்கமாட்டார்கள். வந்தவர்கள் அங்கேயே உட்கார்ந்து, அங்கிருந்தே கும்பிட்டார்கள். அவர் கைப்பிடியை விடாமல் தலையை மட்டும் ஆட்டினார். யாரும் தப்பாக நினைக்கவில்லை.

போன ஐப்பசியில் பொங்கியண்ணன் இறந்துபோனார். மெஷினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, தூக்கத்திலேயே நின்றுவிட்டார். வாசலில் கிடத்தியிருந்தார்கள். மாலையோடு வந்த ஊர்க்காரர்கள் பந்தலோரம் நாற்காலியையும் டீயையும் பார்த்ததும் பழக்கதோஷத்தில் அங்கேயே நின்றுவிட்டார்கள். சம்பந்தியும் வேட்டியைப் பிடித்தபடி நின்றார்.

தெய்வாத்தாள் அவர் தலைமாட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏனுங்க, எல்லாரும் அங்கயே நின்னுபோட்டீங்க? கிட்டக்க வாங்க. மெஷினு ஓடலீங்க."

சாமுவேல் வாத்தியார்தான் முதலில் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நடந்து வந்தார்.