வரிசையில் நின்ற பை

இந்த நாட்டில் வரிசையில் ஆள்தான் நிற்க வேண்டும். பொருள் நிற்கக் கூடாது. பஸ் தரிப்பிடத்தில் இரண்டே பேர் இருந்தாலும் ஒருவருக்குப் பின்னால் ஒருவராக, நடுவில் ஒரு கை இடைவெளி விட்டு நிற்கிறார்கள். கால் வலித்தால் வலித்தபடியே நிற்கிறார்கள். நம் ஊரில் என்றால் ஒரு பை போதும், ஒரு குடை போதும், அதுவும் இல்லாவிட்டால் ஒற்றைச் செருப்பு போதும். அதை வைத்துவிட்டு, பின்னால் நிற்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய் பிளேன் டீ குடித்துவிட்டு வரலாம். பர்மிங்காமுக்கு வந்து மூன்று வருடமாகியும் இந்த வித்தியாசம் என் மண்டையில் ஏறவில்லை. அது ஏறிய ஒரு சனிக்கிழமைக் காலையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் மாத்தளைக்காரன். அப்பாவுக்கு அங்கே சரக்குக் கடை. கராம்பு, மிளகு, ஏலக்காய் வாசனைக்குள் வளர்ந்தவன். பக்கத்துக் கடையில் ரேடியோ திருத்தியவரின் மகன் ரிஸ்வி என் கூட்டாளி. எங்கள் வயதுப் பொடியன்கள் எல்லாம் சினிமாப் பாட்டில் கிடந்தபோது எங்கள் இருவருக்கும் ரொக் பைத்தியம் பிடித்தது. யாரோ திருத்தக் கொடுத்த செட்டுக்குள் சிக்கிக் கிடந்த ஒரு கெசட்தான் காரணம். அந்தக் குழுவின் பெயரைச் சொன்னால் உங்களில் பாதிப் பேர் சிரிப்பீர்கள், மீதிப் பேர் சண்டைக்கு வருவீர்கள், ஆகவே சொல்லவில்லை. முப்பது வருடம் அவர்களைக் கேட்டே கழித்தேன். இப்போது பாருங்கள், நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் இதே ஊருக்கு அவர்கள் வருகிறார்கள். இதோடு மேடைக்கு ஓய்வு என்றும் அறிவித்துவிட்டார்கள். போனால் இப்போது போக வேண்டும்.

டிக்கெட் விற்பனை இணையத்தில், காலை பத்து மணிக்கு. மாத்தளையில் அப்போது மத்தியானம் தாண்டியிருந்தது. ரிஸ்வி கடையில் வேலையைப் போட்டுவிட்டு போனில் என்னோடு காவல் இருந்தான்.

"எத்தனாவது மச்சான்?"

"முப்பத்தோராயிரத்துச் சொச்சம்."

"பரவாயில்ல. கேஸ் கியூவுல நிண்ட ஆக்கள்தானே நாங்க."

ஒன்றரை மணித்தியாலம் அந்தத் திரையில் ஒரு சின்ன மனித உருவம் நடந்துகொண்டே இருந்தது. கண் சிமிட்டினால் இடம் போய்விடும் என்று பயந்து உட்கார்ந்திருந்தேன். என் முறை வந்தபோது நாற்பத்தைந்து பவுண் டிக்கெட் ஒன்றுகூட இல்லை. கேட்கிறவர்கள் கூடக் கூட விலையும் கூடுமாம். அதே கதிரை இருநூற்றுப் பத்தாகியிருந்தது. அம்மாவுக்கு அனுப்புவதில் கை வைத்தால் வாங்கலாம். கை வைக்க மனம் வரவில்லை. திரையைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். தமிழில் ஒன்று, சிங்களத்தில் இரண்டு.

என்னோடு வேலை செய்யும் ஜேனட்தான் வழி சொன்னாள். மண்டபத்து ஜன்னலில் சனிக்கிழமை பத்து மணிக்குக் கொஞ்சம் மலிவு டிக்கெட் கொடுப்பார்கள், முந்திப் போகிறவர்களுக்குக் கிடைக்கும் என்றாள். விடிந்தும் விடியாமலும் போய்விட்டேன். பையில் ரொட்டியும் கட்டைச் சம்பலும், ஒரு பிளாஸ்க், பழைய வாக்மன், அதற்குள் அந்தக் கெசட். நான் பதினெட்டாவது ஆள். மலிவு டிக்கெட் நாற்பதுக்குக் குறையாமல் இருக்கும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். மனம் கொஞ்சம் ஆறியது.

எட்டு மணிக்கு மேல் மூத்திரத்தை அடக்க முடியவில்லை. எனக்குப் பின்னால் ஒரு தாடிக்காரர், அந்தக் குழுவின் வெளுத்துப்போன டீசேர்ட் போட்டிருந்தார். நம் ஆள் என்று நினைத்தேன். பையை என் இடத்தில் வைத்து, என்னுடைய ஆங்கிலத்தில், "என் பை நிற்கும்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "ரைட்" என்றார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். ஒன்றும் விளங்காதபோதும் இங்கே அப்படித்தான் சொல்வார்கள் என்று அன்று எனக்குத் தெரியாது.

சமையல் கேஸ் தட்டுப்பாட்டுக் காலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மாத்தளையில் எங்கள் தெரு நீளத்துக்கு சிலிண்டர்கள்தான் வரிசையில் நின்றன. என் சிலிண்டரில் வெள்ளைப் பெயின்டில் 'குமார்' என்று எழுதியிருந்தேன். நான் விசா காகிதங்களுக்காகக் கொழும்புக்கும் ஊருக்கும் அலைந்த இரண்டு நாளும் ரிஸ்வி தன்னுடையதையும் என்னுடையதையும் மாறி மாறித் தள்ளிக்கொண்டு போனான். ஒருவரும் அதை நகர்த்தவில்லை. ஒருவரும் "ஆள் எங்கே?" என்று கேட்கவில்லை. பெயர் நின்றால் ஆள் நின்ற மாதிரி.

இரண்டு தெரு தள்ளி ஒரு கோப்பிக் கடையில் கழிப்பறையைத் தேடிப் பிடித்துத் திரும்பினேன். கால் மணித்தியாலம் ஆகியிருக்கும். வரிசையைக் காணவில்லை. எல்லோரையும் வீதிக்கு அந்தப் பக்கம் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். நடைபாதைக்குக் குறுக்கே மஞ்சள் நாடா. நாடாவுக்கு அந்தப் பக்கம் என் பை மட்டும் தனியாக இருந்தது. பாதித் திறந்த ஸிப் வழியாக வாக்மனின் வயர் வெளியே தொங்கியது. இரண்டு காவலாளிகள் தூரத்தில் நின்று ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு எங்கள் ஊர்ப்பக்கத்து நாலந்தா நினைவுக்கு வந்தது. யுத்தக் காலம். பத்தொன்பது வயதில் நானும் ரிஸ்வியும் தம்புள்ளையிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். நாலந்தா சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். பஸ்ஸின் மேல்தட்டில் ஒரு பை மிச்சம். அது யாருடையது என்று சிப்பாய் சிங்களத்தில் கேட்டான். பை என்னுடையது; இதே வாக்மன், இதே கெசட். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சட்டைப் பையில் இருந்த அடையாள அட்டையில் என் தமிழ்ப் பெயர் கனத்தது. ரிஸ்வி முன்னால் போய், "மகே, சேர்" என்றான். என்னுடையது ஐயா என்று பொய் சொன்னான். சிப்பாய் பாட்டைப் போடச் சொல்லி, காதில் வைத்துக் கேட்டு, முகத்தைச் சுளித்துத் திருப்பிக் கொடுத்தான். திரும்பவும் பஸ்ஸில் ஏறினோம். "ஒன்டயா என்டயா எண்டு அவனுக்கென்ன தெரியும்?" என்று ரிஸ்வி ஜன்னலோரம் போய் உட்கார்ந்தான்.

இவ்வளவும் பட்ட நான், ஒரு பையை நடுத்தெருவில் விட்டுப் போயிருக்கிறேன். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அப்படியே திரும்பி பஸ்ஸுக்கு நடந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. விசாவுக்கு ஏதும் வந்துவிடுமோ என்றுகூட மனதில் ஓடியது. ஆனால் போனால் டிக்கெட்டும் போகும், கெசட்டும் போகும். என்னுடையது என்று சொல்ல ரிஸ்வியும் பக்கத்தில் இல்லை. கையை உயர்த்தினேன். "மைன்" என்றேன். அவர்களுக்குக் கேட்கவில்லை; இன்னொரு தரம் சொன்னேன்.

காவலாளிகளில் ஒருத்தி இளம்பெண். என்னைக் கூட்டிப்போய் நானே திறக்க வேண்டும் என்றாள். வீதிக்கு அப்பால் வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, ரொட்டிப் பெட்டியை, பிளாஸ்க்கை, வாக்மனை ஒவ்வொன்றாக நடைபாதையில் வைத்தேன்.

"ஏன் விட்டுவிட்டுப் போனீர்கள்?"

"என் இடத்தைப் பிடித்து வைக்க."

அவள் கோபப்படவில்லை. நிஜமாகவே விளங்காமல்தான் கேட்டாள்: "ஆனால் நீங்கள் இங்கே இல்லையே?"

எல்லாவற்றையும் திரும்பப் பைக்குள் அடுக்கி ஸிப்பை இழுத்து மூடினேன்.

நாடாவை அவிழ்த்தார்கள். வரிசை தானாகவே பழைய ஒழுங்கில் கூடியது. தாடிக்காரர் நான் வருவதைக் கண்டு வீதியைப் பார்த்தார். "இந்த ஆள் எனக்கு முன்னால் நின்றவர்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர்மேல் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு, என்னால் எல்லோரும் வீதியோரம் நின்றதை நினைத்து அடங்கிப்போய் வரிசையின் வாலுக்கு நடந்தேன். எண்ணிப் பார்த்தேன்: ஐம்பத்து மூன்றாவது.

பத்து மணிக்கு ஜன்னல் திறந்தது. இப்போது பதினெட்டாவது ஆளாகிவிட்ட தாடிக்காரர் டிக்கெட்டை முத்தமிட்டுக்கொண்டு போனார். முப்பதைத் தாண்டியது, நாற்பதைத் தாண்டியது. எனக்கு முன்னால் சிலர் சலித்துப்போய் விலகினார்கள். நான் பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் ஜன்னலில் இருந்தவர் என்னைப் பார்த்து, "ஒன்றுதான் இருக்கிறது. தூணுக்குப் பின்னால். மேடையில் பாதி தெரியாது" என்றார். இருபத்தைந்து பவுண். அவர் சொல்லி முடிக்குமுன் நீட்டிவிட்டேன்.

பஸ்ஸில் ஏறியதும் ரிஸ்விக்குக் கோல் எடுத்தேன். முழுக் கதையையும் கேட்டு அவன் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்தது.

"எந்தப் பாதி மச்சான் தெரியாது?"

"கிட்டார்காரன் நிக்கிற பக்கம்."

"அல்லாவே. சரி, கேக்கும்தானே." பிறகு சொன்னான்: "கடைய ஒதுக்கிக்கிட்டு நிக்கிறேன். ஒன்ட சிலிண்டர் இன்னும் மூலையிலதான் நிக்குது. பேர் அழிஞ்சிக்கிட்டு வருது. திரும்ப எழுதவா, உட்டுறவா?"

ஆனால் நீங்கள் இங்கே இல்லையே என்று அந்தப் பெண் கேட்டது காதில் வந்தது.

"எழுதுடா," என்றேன். "பெருசா எழுது."

பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருந்தது. இறங்கும்வரை பையை மடியிலேயே வைத்திருந்தேன்.